அடுப்படி வரை வந்த நஞ்சு

தமிழில் ஈயம் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு உலோகங்கள் இருக்கின்றன. ஒன்று வெள்ளீயம், இன்னொன்று காரீயம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தில் வார்க்கப்பட வேண்டியது. அது 232 டிகிரி வெப்பத்திலேயே உருகிவிடும். அதனால்தான் வெறும் சொம்பை அடுப்பில் ஏற்றாதே, முதலில் புளித்தண்ணீரை ஊற்று என்று பாட்டிகள் அதட்டிச் சொன்னார்கள். வெள்ளீயத்தால் உடம்புக்குப் பெரிய கெடுதல் இல்லை. காரீயம் அப்படியில்லை. விலை மலிவு, எளிதில் உருகும், வெள்ளீயத்தோடு கலந்தால் பார்வைக்குப் பிடிபடாது. கலப்படச் சொம்பில் புளிப்பான ரசம் கொதித்தால் காரீயம் கரைந்து ரசத்தில் இறங்கும். எங்கள் வீட்டுச் சொம்பு அம்மாவின் கல்யாணச் சீராக வந்தது. யார் வார்த்தது, எதில் வார்த்தது என்று கேட்டால் பதில் சொல்ல இன்று யாரும் இல்லை. அதில் ரசம் வைப்பதை நிறுத்திவிட்டோம். ருசி குறைந்துவிட்டதென்று அம்மா சொல்கிறார். உண்மைதான், எனக்கும் தெரிகிறது.

ஒரு பாத்திரத்தைப் பரணில் ஏற்றுவது எளிது. பெயிண்ட், கொசுவர்த்தி, கழிவறை ஆசிட், பால்புட்டி, முகக்கிரீம், ஷாம்பு, நான்ஸ்டிக் தவா, அந்துருண்டை என்று ஒரு சாதாரண வீட்டில் புழங்குவதை எண்ணத் தொடங்கினால் எங்கே போய் நிறுத்துவது? குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எல்லாமே விஷம் என்கிறார்கள். கடையிலோ 'இயற்கையானது' என்று அச்சடித்த இன்னொரு புட்டியை நீட்டுகிறார்கள். இந்தக் கேள்வியை முறையாக ஆராய்ந்தவர்கள் என்ன கண்டார்கள், அதில் எது நம் வீட்டுக்குப் பொருந்தும் என்று தேடியபோது எனக்குக் கிடைத்த முதல் தெளிவு இது: உடம்புக்குள் வந்தால் தங்கிவிடுவது எது, வந்து ஓரிரு நாளில் வெளியேறிவிடுவது எது என்று பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

காரீயம் தங்குகிற வகை. உடம்பு அதைக் கால்சியம் போலவே நடத்தி எலும்பில் சேர்த்துவைக்கிறது. அங்கே அது இருபது, முப்பது ஆண்டுகள்கூடக் கிடக்கும். ஒரு பெண் கருவுறும்போது, குழந்தையின் எலும்புக்காகத் தாயின் எலும்பிலிருந்து கால்சியம் எடுக்கப்படும். அவள் சிறுமியாக இருந்தபோது சேர்ந்த காரீயமும் அப்போது கிளம்பிக் கருவுக்குப் போகும். பெரியவர்களைவிடக் குழந்தைகளின் குடல் நான்கைந்து மடங்கு காரீயத்தை உறிஞ்சுகிறது. இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த குழந்தைக்கு இன்னும் அதிகம். இந்தியாவில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்வதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். யுனிசெஃபும் பியூர் எர்த் அமைப்பும் 2020-ல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ காரீயம் இருக்கிறது. இந்தியாவில் மட்டும் அப்படிச் சுமார் 27 கோடிக் குழந்தைகள். காய்ச்சல் வராது, வாந்தி வராது. படிப்பில் கவனம் நிற்காது, அறிவுத்திறன் சற்றுக் குறையும், அவ்வளவுதான் தெரியும். குறைந்தது திரும்பாது. இதற்குக் கீழே போனால் பயமில்லை என்று சொல்லத்தக்க ஓர் அளவு காரீயத்துக்கு இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இந்தக் காரீயம் எந்த வழியாக வீட்டுக்குள் வருகிறது என்று தேடிய கதைகளில் வங்கதேசத்துக் கதை எல்லோரும் அறிய வேண்டியது. அங்கே கிராமத்துக் கர்ப்பிணிகளின் ரத்தத்தில் காரீயம் மிகுந்திருந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜென்னா ஃபோர்சைத்தும் அவருடன் உழைத்த வங்கதேச ஆய்வாளர்களும் அவர்கள் வீட்டில் புழங்கிய பொருள்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். காரீயத்தின் ஐசோடோப் விகிதம் கைரேகை போன்றது, மூலத்துக்கு மூலம் மாறும். ரத்தத்தில் இருந்த ரேகை மஞ்சளில் இருந்த ரேகையோடு பொருந்தியது. 1980-களில் வெள்ளத்தில் நனைந்து மங்கிப்போன மஞ்சளுக்கு நிறமேற்ற, லெட் குரோமேட் என்ற சாயப்பொடியைத் தேய்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். வாங்குகிறவர்கள் பளிச்சென்ற மஞ்சளையே கேட்டதால் வெள்ளம் வடிந்த பிறகும் பழக்கம் வடியவில்லை. ஆய்வு 2019-ல் வெளிவந்ததும் அந்நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் செயலில் இறங்கியது. நாளிதழ்களில் எச்சரிக்கை, சந்தைகளில் சுவரொட்டி, கையடக்க எக்ஸ்ரே கருவியோடு டாக்கா மொத்தச் சந்தையில் சோதனை, பிடிபட்டவர்களுக்கு அபராதம். 2019-ல் சந்தை மஞ்சள் மாதிரிகளில் 47 சதவீதத்தில் காரீயம் இருந்தது. 2021-ல் ஒன்றில்கூட இல்லை. மஞ்சள் மில் தொழிலாளர்களின் ரத்தத்தில் காரீயம் சுமார் 30 சதவீதம் இறங்கியது. இரண்டே ஆண்டுகளில் நடந்தது இது.

அதே குழுவினர் தெற்காசிய நகரங்கள் பலவற்றில் மஞ்சள் வாங்கிச் சோதித்து 2024-ல் வெளியிட்ட ஆய்வில் பாட்னா, கராச்சி, பெஷாவர் ஆகிய ஊர்களில் கிராமுக்கு 1000 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம் கொண்ட மாதிரிகள் கிடைத்தன. ஈரோட்டு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு பெற்ற நமக்கு இதில் கூடுதல் அக்கறை வேண்டும். கண்ணைப் பறிக்கும் நிறம் நல்ல மஞ்சளுக்கு அடையாளம் இல்லை. மேல்தோல் சற்று மங்கலாக, மண்வாடையோடு இருக்கும் விரலி மஞ்சளை வாங்கிக் காயவைத்து அரைத்துக்கொள்வது பழைய வழி, இன்றும் நல்ல வழி.

மஞ்சளைப் பிடித்தால் குங்குமத்தையும் பிடிக்க வேண்டும். மஞ்சள், எலுமிச்சைச் சாறு, வெண்காரம், படிகாரம் சேர்த்துச் செய்வதுதான் குங்குமம். சிவப்பு தூக்கலாகத் தெரிய ஈயச் செந்தூரத்தையோ தொழிற்சாலைச் சாயத்தையோ கலப்பவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தார் நியூ ஜெர்சிக் கடைகளில் 95, இந்தியாவில் 23 என்று 118 குங்கும மாதிரிகளை வாங்கிச் சோதித்து 2017-ல் எழுதினார்கள். அமெரிக்க வரம்பான கிராமுக்கு 20 மைக்ரோகிராமை நியூ ஜெர்சியில் வாங்கியவற்றில் 19 சதவீதமும் இந்தியாவில் வாங்கியவற்றில் 43 சதவீதமும் தாண்டின. நெற்றியில் இருக்கும்வரை தோல் வழியாக அதிகம் ஏறாது. இடுப்பில் இருக்கும் குழந்தை அம்மாவின் நெற்றியைத் தடவிவிட்டு விரலைச் சப்பும். ஆபத்து அங்கே.

பெயிண்டில் நிலைமை கொஞ்சம் தேறியிருக்கிறது. வீட்டு பெயிண்டில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற இந்திய விதி 2016-ல் எழுதப்பட்டு 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கா 1978-லேயே வீட்டுப் பயன்பாட்டில் காரீய பெயிண்டைத் தடுத்துவிட்டது. ஆனால் இந்திய விதி வருவதற்கு முன் அடித்த எனாமல் நம் கதவிலும் ஜன்னல் கம்பியிலும் அப்படியே இருக்கிறது. மஞ்சளும் சிவப்பும் பச்சையும் அதிகச் சந்தேகத்துக்குரியவை. பொங்கலுக்கு முன் அதைத்தான் உப்புத்தாள் போட்டுச் சுரண்டுகிறோம். பறக்கும் தூள் தரையில் படிகிறது, தவழும் குழந்தையின் உள்ளங்கையில் ஒட்டுகிறது. சுரண்டியே ஆக வேண்டும் என்றால் தண்ணீர் தெளித்து ஈரமாக்கிச் சுரண்ட வேண்டும். வேலை முடிந்து ஈரத்துணியால் துடைக்கும்வரை குழந்தைகளையும் கர்ப்பிணியையும் வேறு வீட்டில் வைப்பது உத்தமம். செருப்பை வாசலில் கழற்றுவதும், துடைப்பத்தால் பெருக்கியதோடு விடாமல் ஈரத்துணியால் தரையைத் துடைப்பதும் காரீயத் தூசியைக் குறைப்பதில் உண்மையாகவே பலன் தருபவை. நம் வீடுகளில் அவை ஏற்கெனவே பழக்கத்தில் இருப்பது நல்ல விஷயம்.

இண்டாலியம் சட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கண்டதையும் உருக்கி வார்த்த மலிவான அலுமினியக் கலவைப் பாத்திரங்களிலிருந்து காரீயம் சமையலில் இறங்குகிறது என்று 2025-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. அதில் இண்டாலியம் என்ற பெயரையே குறிப்பிட்டிருந்தது. சட்டத்தைக் கடைப்பிடித்துச் செய்பவர்களும் உண்டு என்றாலும், பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்காமல் மண்சட்டிக்கோ எவர்சில்வருக்கோ இரும்புக்கோ மாறுவதில் எந்த நஷ்டமும் இல்லை. மண்சட்டி வாங்கும்போது பளபளப்புப் பூசாததாகப் பார்த்து வாங்க வேண்டும்.

தங்குகிற நஞ்சில் பாதரசம் இன்னொன்று. கேரளத்தில் மலப்புரம் மாவட்டத்து கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனைக்கு 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு வகைச் சிறுநீரகச் சிதைவோடு 22 பேர் வந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு மற்ற இடங்களில் அரிதாகவே தென்படும் உட்பிரிவு நோய். அந்த 15 பேரில் 13 பேர் முகத்தை வெளுக்கச் செய்யும் கிரீம் பூசியவர்கள். பாதரசம் நிறமியைத் தடுக்கும் என்பதால்தான் அது அந்தக் கிரீம்களில் சேர்க்கப்படுகிறது. அங்கிருந்த சிறுநீரக மருத்துவர்கள் விடாமல் கேள்வி கேட்டதால் இது தெரிந்தது. மற்ற ஊர்களில் எத்தனை பேருக்கு இந்தக் கேள்வி கேட்கப்படாமலே போயிருக்கும் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது. கறுப்பு ஒரு குறை என்று ஒரு பெண்ணிடம் சொல்கிற ஒவ்வொரு வாய்க்கும் இதில் பங்கு உண்டு.

இனி வந்து போகிறவை. பிளாஸ்டிக்கை வளைய வைக்கவும் வாசனையை நிற்க வைக்கவும் சேர்க்கும் தாலேட்டுகள், பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கிலும் டின் உணவின் உட்பூச்சிலும் இருக்கும் பிஸ்பினால் ஏ, அழகுப் பொருள்களைக் கெடாமல் காக்கும் பாரபின்கள். ஹார்மோன்களின் வேலையில் இவை குறுக்கிடக்கூடும் என்பதே கவலை. உடம்பு இவற்றைச் சிறுநீரில் விரைவாக வெளியேற்றிவிடும். ஆனால் நாம் தினமும் மூன்று வேளையும் உள்ளே அனுப்பிக்கொண்டிருப்பதால் ரத்தத்தில் எப்போதும் இருந்துகொண்டே இருக்கும். இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. அனுப்புவதை நிறுத்தினால் உடனே குறையும். சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் ஐந்து குடும்பங்களைச் சேர்ந்த 20 பேருக்கு டின்னும் பிளாஸ்டிக் உறையும் தொடாத புதுச் சமையலை மூன்று நாள் கொடுத்தார்கள். பிஸ்பினால் ஏ சராசரியாக 66 சதவீதமும், முக்கியமான ஒரு தாலேட்டின் தடயங்கள் 53 முதல் 56 சதவீதமும் குறைந்தன. இது 2011-ல் வந்த ஆய்வு. அதே கலிஃபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில் 100 பதின்வயதுப் பெண்களுக்கு, இந்த வேதிப்பொருள்கள் சேராத ஷாம்பும் கிரீமும் மூன்று நாள் மாற்றிக் கொடுத்தார்கள். வாசனையோடு வரும் தாலேட் 27 சதவீதம், இரண்டு பாரபின்கள் சுமார் 45 சதவீதம், கிருமிநாசினி சோப்பிலிருந்த டிரைக்ளோசான் 36 சதவீதம் இறங்கின. ஆய்வைத் திட்டமிட்டதிலும் நடத்தியதிலும் அந்த ஊர் இளைஞர்களுக்கே பங்கு இருந்தது. பண்ணைத் தொழிலாளர்கள் நிறைந்த ஊர் அது.

இத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையை இன்னின்னதை வாங்காதீர்கள் என்ற பட்டியலோடு முடித்திருப்பேன். சியாட்டில் நகரில் நடந்து 2013-ல் வெளிவந்த ஆய்வு அதற்கு இடம் தரவில்லை. பத்துக் குடும்பங்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு அறிவுரைத் தாள் கொடுத்தார்கள். பிளாஸ்டிக்கைத் தவிருங்கள், டின் வேண்டாம் என்ற வழக்கமான அறிவுரைகள்தான். மறு பகுதிக்கு பிளாஸ்டிக் படாமல் சமைத்த புத்துணவை ஐந்து நாள் வீட்டுக்கே கொண்டுவந்து தந்தார்கள். தாள் வாங்கியவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. நல்ல உணவு சாப்பிட்டவர்களிடமோ ஒரு தாலேட்டின் அளவு ஏறத்தாழ 25 மடங்கு ஏறியிருந்தது. ஆய்வாளர்கள் திகைத்துப்போய்ச் சமையலில் சேர்ந்த ஒவ்வொன்றையும் சோதித்தார்கள். பாலில் கொஞ்சம் இருந்தது. மல்லித்தூளில் கிராமுக்கு 21,400 நானோகிராம் இருந்தது. அரைக்கும்போதோ அடைக்கும்போதோ வழியில் எங்கேயோ சேர்ந்திருக்க வேண்டும்.

ஐந்து நாளும் ஒரு தப்பும் செய்யாத தாய்மார்கள் அவர்கள். மல்லித்தூளுக்குள் என்ன இருக்கிறது என்று எந்த அடுப்படியிலிருந்து பார்க்க முடியும்? ஆய்வுகளை எல்லாம் படித்த பிறகு நான் வந்து நிற்கும் இடம் இதுதான். வீட்டில் செய்யக் கூடியவை சில உண்டு, அவற்றை விடாமல் செய்ய வேண்டும். ஆனால் பெரும்பகுதி ஆலை வாசலில், அரசின் கையில், சோதனைக்கூடத்தில் முடிவாகிறது. அந்தப் பொறுப்பையும் இல்லத்தரசியின் தலையில் ஏற்றிவிட்டு 'விழிப்புணர்வு' என்று பெயர் வைப்பது அநியாயம்.

ஒன்றை விலக்கிவிட்டு அதன் உடன்பிறப்பைக் கொண்டுவரும் வழக்கமும் இருக்கிறது. பால்புட்டிகளில் பிஸ்பினால் ஏ-வை ஐரோப்பா 2011-லும் அமெரிக்கா 2012-லும் விலக்கின. இந்தியத் தரநிலையும் 2015-ல் பாலிகார்பனேட் புட்டிகளை ஒதுக்கியது. அதன்பின் 'பிஸ்பினால் ஏ இல்லை' என்று எழுதி வந்த பிளாஸ்டிக் சிலவற்றில் பிஸ்பினால் எஸ் இருந்தது. அமைப்பும் ஒன்றுபோல, கவலையும் ஒன்றுபோல. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரியில் உணவைத் தொடும் பொருள்கள் அனைத்துக்கும் தடையை விரித்துவிட்டது. கொங்கு நாட்டில் இதற்கு இன்னும் கொடிய உதாரணம் உண்டு. வாசலுக்குச் சாணம் தெளிக்கும் வழக்கத்துக்கு மாற்றாகச் 'சாணி பவுடர்' என்ற மஞ்சள், பச்சைப் பொடி வந்தது. பெயரைத் தவிர அதில் சாணி கிடையாது. ஆரமின், மாலகைட் கிரீன் என்ற தொழிற்சாலைச் சாயங்கள்தான். உள்ளே போனால் உயிர் குடிக்கும். அந்த நஞ்சேறியவர்களைப் பற்றிக் கோவைப் பகுதி மருத்துவர்கள் ஆய்விதழ்களில் எழுதியிருக்கிறார்கள்.

ஆகவே வாங்கி மாற்றுவதைவிட வாங்காமல் விடுவதே பெரும்பாலும் சரி. கிருமிநாசினி சோப்பு சாதா சோப்பைவிட மேலானது என்று தயாரிப்பாளர்களால் நிரூபிக்க முடியவில்லை என்று சொல்லி, அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016-ல் டிரைக்ளோசான் உள்ளிட்ட 19 பொருள்களைக் கைகழுவும் சோப்புகளிலிருந்து நீக்கியது. சாதா சோப்பு போதும். சூடான சாம்பாரையும் டீயையும் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்காமல் தூக்குவாளியைக் கொண்டுபோனால் போதும். நான்ஸ்டிக் தவாவை வெறுமனே சூடேற்றாமல் இருக்கலாம், கீறல் விழுந்ததும் விடைகொடுத்து இரும்புக் கல்லுக்குத் திரும்பலாம்.

குழந்தை பிறந்த வீட்டுக்கு ஒரு எச்சரிக்கை தனியாக வேண்டும். பச்சைக் குழந்தையைச் சுற்ற டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய பருத்திப் புடவையையும் வேட்டியையும் எடுக்கிறோம். பெட்டியில் அந்துருண்டை போட்டிருப்போம். அதிலுள்ள நாப்தலீன் துணியில் ஏறியிருக்கும். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைந்த குழந்தைகளுக்கு அந்த வாடையே ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துக் கடும் மஞ்சள் காமாலையைக் கொண்டுவரக் கூடும். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறை என்று பார்த்தால் தெரியாது. ஐரோப்பிய ஒன்றியம் நாப்தலீன் உருண்டையை 2008-ல் தடைசெய்தது. நாம் துணியைத் துவைத்து வெயிலில் உலர்த்தி எடுத்தாலே போதும், உருண்டையே போடாமல் விட்டால் இன்னும் நல்லது. பூஜை அலமாரியில் இருக்கும் கற்பூரமும் அப்படித்தான். மிட்டாய் என்று நினைத்து ஒரு வில்லையை விழுங்கிய குழந்தைக்குச் சில நிமிடங்களில் வலிப்பு வரலாம். மண்ணெண்ணெயையும் பினாயிலையும் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பதை இன்றோடு விட்டுவிட வேண்டும். குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

மூச்சில் போவதைப் பற்றி நாம் குறைவாகவே பேசுகிறோம். சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற கொசுவர்த்திச் சுருள்களைச் சோதித்து 2003-ல் எழுதியவர்கள், ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று கணக்கிட்டார்கள். டெங்கு இருக்கும் ஊரில் கொசுவைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வராது. ஜன்னலுக்கு வலை, படுக்கைக்குக் கொசுவலை, தேங்கிய தண்ணீரைக் கொட்டுவது ஆகியவை முதலில் வர வேண்டும். வேறு வழியே இல்லாத நாளில் சுருள் கொளுத்தினால், மூடிய அறைக்குள் குழந்தையின் தலைமாட்டில் வைக்கக் கூடாது.

சட்டத்தின் பக்கம் இந்தியாவில் இடைவெளி பெரிது. எல்லா வேதிப்பொருள்களையும் பதிவுசெய்து ஆராயும் விதிகள் ஐரோப்பாவில் 2007-ல் நடைமுறைக்கு வந்தன. இங்கே அப்படிப்பட்ட விதிகளின் வரைவு 2020-ல் எழுதப்பட்டுப் பல ஆண்டுகள் வரைவாகவே கிடந்தது. ஷாம்பு புட்டியில் உள்ளடக்கம் அச்சாகிறது. தரை துடைக்கும் திரவத்தில் வாசனை, நிறம் என்பதற்கு மேல் பெரும்பாலும் எதுவும் இருப்பதில்லை. வங்கதேசம் இரண்டே ஆண்டில் மஞ்சளில் செய்ததைக் குங்குமத்திலும் கிரீமிலும் பாத்திரத்திலும் நாம் செய்ய ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு கையடக்கக் கருவியும் அதைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போகும் அதிகாரியும் வேண்டும்.

கடைசியாக, இந்தத் திரவங்களைக் கையால் தொடுகிறவர்கள். நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகத்தார் தலைமையில் 22 மையங்களில் 6,235 பேரை இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2018-ல் வெளிவந்தது. தங்கள் வீட்டையோ பிறர் வீட்டையோ சுத்தம் செய்த பெண்களின் நுரையீரல் திறன் மற்ற பெண்களுடையதைவிட வேகமாகக் குறைந்தது. அதைத் தொழிலாகச் செய்தவர்களுக்கு ஏற்பட்ட கேடு, தினம் ஒரு பாக்கெட் வீதம் இருபது ஆண்டு சிகரெட் புகைப்பதைவிடச் சற்றே குறைவு. நம் வீடுகளில் வேலைக்கு வரும் பெண் நான்கு வீட்டுக் கழிவறைகளை வெறுங்கையால் தேய்க்கிறார். கழிவறை ஆசிட்டோடு ப்ளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும் என்று அவரிடம் யாரும் சொல்வதில்லை. முதல் உலகப் போரில் ஆயுதமாக வீசப்பட்ட அதே வாயு. ஜன்னல் இல்லாத குளியலறையில் அது நேரே நெஞ்சில் இறங்கும்.

எங்கள் வீட்டில் ஆசிட்டை நிறுத்தி, சோப்புத்தூளும் நீளக் கைப்பிடி பிரஷும் ரப்பர் கையுறையும் வாங்கி வைத்தோம். வேலைக்கு வரும் அக்கா முதல் வாரம் நம்பவில்லை. "வாசனையே வரலையே தம்பி, கழுவின மாதிரியே இல்லையே" என்றார். இன்னொரு வாரம் போனது. தெருமுனை வீட்டிலும் ஆசிட் வேண்டாம் என்று கேட்டுப் பார்த்ததாகச் சொன்னார். அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லையாம். "அந்த வீட்டுக்கு மட்டும் நம்ம கையுறையை எடுத்துட்டுப் போகவா?" என்று கேட்டார்.